பெரட்டில் நிற்காத லில்லி

பனி முடிந்துவிட்டது என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் நாட்காட்டியைப் பார்த்துச் சொல்வதில்லை. காலையில் வாளித் தண்ணீரில் கையை விட்டதும் விரல் நோகாமல் இருந்தால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குச் சில நாட்கள் கழித்து, இலை ஒன்றும் இல்லாத பேரிக்காய் மரங்களில் வெள்ளையாகப் பூ வரும். அதற்கும் பிறகுதான் நிலத்துக்குள் கிடக்கும் கிழங்குகள் முளைக்கும். ராகலைக்கு மேலே, தேயிலை மலைகளும் மரக்கறித் தோட்டங்களும் கலந்து கிடக்கும் சரிவில் எங்கள் வீடு இருக்கிறது. தை, மாசியில் இங்கே விடியற்காலையில் புல் உறைந்து, மிதித்தால் நொறுங்கும். செடியைக் கருக்குவது பனியில்லை, பனியின் மேல் படுகிற வெயில். அதனால் வெயில் சரிவில் இறங்குவதற்கு முன்பே தண்ணீர் தெளித்து இலைகளைக் கழுவிவிட வேண்டும். இயலாத இடங்களை மானாப்புல்லால் மூடி வைப்போம்.

இந்த வருடம் நான் ஒரு காலை கூடத் தவறவிடவில்லை. எப்படியும் விழித்துத்தான் இருந்தேன்.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். கணவர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. எங்களுக்கு ஒரே மகள், உயர்தரம் படிக்கிறாள். தோட்டத்து வரிசை அறைகளான லயத்திலிருந்து வெளியே வந்து, தோட்டம் பிரித்துக் கொடுத்த ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீடு எங்களுடையது. சாலையிலிருந்து படி ஏறினால் முன்வாசல். வீட்டுக்குப் பின்னால் குசினி. குசினிக்குப் பின்னால் நிலம் மேல்நோக்கிப் போகும். அந்த ஏற்றத்தில், குசினிச் சுவருக்கு நேர் மேலே, ஒரு பாறைக்கும் எல்லைத் தூணுக்கும் இடையில் எங்கள் பூப்பாத்தி இருந்தது.

அந்தப் பாத்தியைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கேலி உண்டு. கணவருக்கு எதையும் கயிறு கட்டாமல் நடத் தெரியாது. தேயிலைக் கன்று நடும்போது மலையில் கயிறு பிடித்து, முளை அடித்து, ஒரே கோட்டில் குழி வெட்டுவார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. முட்டைக்கோவாவுக்கும் கயிறு, வெங்காயத்துக்கும் கயிறு. சில வருடங்களுக்கு முன்னால் நுவரெலியாவிலிருந்து சிவப்பு லில்லிக் கிழங்குகள் ஒரு பை கொண்டுவந்தார். பாறையில் ஒரு முனையையும் எல்லையிலிருந்த கொங்கிரீட் தூணில் மறு முனையையும் கட்டி, கயிற்றுக்கு நேர் கீழே ஒவ்வொன்றாகப் புதைத்தார். அடுத்த பங்குனியில் அவை எல்லாம் ஒன்றாகத் தண்டு விட்டு நின்றபோது மகள் குசினி வாசலில் நின்று சிரித்தாள்.

"அப்பா, பூவையும் பெரட்டுல நிக்க வச்சிருக்கீங்க. பேர் கூப்பிடலையா?"

தோட்டத்தில் காலையில் வேலைக்காரர்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதைத்தான் பெரட்டு என்போம். அன்றிலிருந்து அந்தப் பாத்திக்குப் பெரட்டு என்றே பெயர். "பெரட்டுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்று கேட்பாள்.

போன வருடக் கடைசியில் பெய்த மழையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. மழை நிற்காமல் பெய்தது, மின்சாரம் போனது, ஒரு மாலையில் பக்கத்து வீட்டின் குசினியும் மலசலகூடமும் ஆட்டுக்கொட்டிலும் சேற்றோடு கீழே போயின. அந்த வீட்டார் முன்னறையில் இருந்ததால் பிழைத்தார்கள். மேல் தோட்டத்தில் அப்படி இல்லை, அங்கே ஆட்களும் மண்ணோடு போனார்கள். அவர்களில் இருவர் என்னிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோர். எங்கள் சுவரில் ஒரு வெடிப்பும் விழவில்லை.

அந்த நேரத்தில் மகள் எங்கள் குசினியில் தனியாக இருந்தாள். தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது அவள் இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, தரை நழுவுச்சு."

"பக்கத்து வீடு விழுந்த அதிர்வுடி."

"இல்ல. நம்ம தரை. காலுக்குக் கீழ."

அதற்கு மேல் பேச நேரம் இல்லை. படி இறங்கிச் சாலைக்கு வந்துவிட்டோம். பாடசாலையில், நான் படிப்பிக்கும் அதே வகுப்பறையில், மற்றக் குடும்பங்களோடு தங்கினோம். மழை விட்டதும் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பூப்பாத்திக்கும் மேலே, தேயிலை தொடங்கும் இடத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. களிமண் வைத்து அடைத்துவிடுங்கள், தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது, பலத்த மழை வந்தால் வெளியேறிவிடுங்கள், மற்றபடி இருக்கலாம் என்று சொன்னார்கள். கணவர் களிமண் கொண்டுவந்து அடைத்து, காலால் மிதித்து, மேலே மண்ணோடு வெட்டிய புல்கரணையும் வைத்தார். நல்ல வேலை. சில வாரங்களில் வெடிப்பு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. அது மறுபடி திறந்தால் தெரியுமா என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய அன்று மகள் சாலையிலேயே நின்றுவிட்டாள். படியில் கால் வைக்கவில்லை. அழவும் இல்லை. "நான் இங்க நிக்கிறேன், நீங்க போங்க" என்றாள், கடைக்குப் போகும்போது சொல்வதைப் போல. அன்று மாலை கினிகத்தேனையிலிருந்து அவளுடைய அத்தை, கணவரின் தங்கை, வந்து கூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. பிறகு அங்கேயே ஒரு பாடசாலையில் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள்.

நான் பயந்த சுபாவம் உள்ளவள். இது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மகள் சின்னவளாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுத் தொட்டே அவளை எழுப்பிவிடுவேன். பாடசாலைச் சுற்றுலாவுக்குப் போன பஸ் திரும்பும்வரை சந்தியில் நின்றிருக்கிறேன். இதை வைத்துக் கேலி செய்வார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். மழைக்குப் பிறகு அந்தக் கேலி வேறு மாதிரி ஆனது.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க," என்று கணவரின் தங்கை தொலைபேசியில் சொன்னாள். "புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. ஒங்க பயம்தான் அதுக்கு ஒட்டிக்கிச்சு. அதிகாரிங்களே இருக்கலாம்னு சொல்லியாச்சு. நீங்க தைரியமா பேசினா அதுவும் வரும்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது. என் பயத்துக்கும் உண்மைக்கும் இடையில் கோடு எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. அதனால் தைரியமாகப் பேசப் பழகினேன். வாரத்தில் பல நாள் தொலைபேசியில், வீடு நன்றாக இருக்கிறது, சுவரில் ஒரு கீறல் கூட இல்லை, அப்பா களிமண் வைத்து அடைத்துவிட்டார், கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தோம் என்று சொன்னேன். அவள் "ம்" என்பாள். பாடம், பரீட்சை, அத்தை வீட்டு நாய் என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். வருகிறேன் என்று மட்டும் சொல்லமாட்டாள்.

சொல்லிவிட்டு நான் தொலைபேசியை வைத்துச் சுவர்களைப் பார்ப்பேன். கீறல் இல்லை என்று நான் சொன்னது பொய்யில்லை. தினமும் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

பங்குனிப் பிறப்பில் விரல் நோகாத காலை வந்தது. அந்த வாரக் கடைசியில் பூப்பாத்தியை மூடியிருந்த மானாப்புல்லை எடுத்தேன். மழையில் பாத்தியின் கரைகள் கரைந்து போயிருந்தன. அதன்மேல் போட்ட புல் பழுத்து, அடியில் ஈரமாக, ஒரு பாயைப்போல ஒட்டிக் கிடந்தது. உரித்து எடுத்த இடத்தில் மண் கறுப்பாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. குழாயடியில் ஜெரேனியம் கருகிப் போயிருந்தது. டேலியா இருந்த இடத்தில் காய்ந்த தண்டுகள் மட்டும். முன்வாசல் ரோஜாவில் சிவப்புக் கொழுந்து சிறிதாக எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். கிழங்குகள் சேற்றில் அழுகியிருக்கும் என்று நினைத்தேன்.

சில நாட்களில் ஒன்று வந்தது. இந்த லில்லி இலையோடு வருவதில்லை. முதலில் மொட்டுத்தான் வரும், தட்டையாக, வாத்தின் அலகைப் போல, மண்ணைத் தள்ளிக்கொண்டு. அதற்குப் பிறகு தண்டு. பாறைக்குப் பக்கத்தில் அதைப் பார்த்ததும் குனிந்து, நெருங்கி, தொலைபேசியில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை.

உடனே பதில் வந்தது. "பெரட்டுக்கு முதல் ஆள் வந்தாச்சா?"

மழைக்குப் பிறகு அவள் இந்த வீட்டைப் பற்றி அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது. அதற்குப் பிறகு தினமும் படம் அனுப்பினேன். அன்று எது வந்ததோ அது. ஒரு மொட்டு, பிறகு மொட்டு பிளந்து உள்ளே சிவப்பு தெரிகிற நிலை, பிறகு முதல் பூ, அதன் தொண்டையில் பச்சைக் கோடு. எல்லாம் கிட்டத்திலிருந்து எடுத்தவை. அவளுடைய பதில்கள் நீளமாயின. "இவர் லேட்டா வந்திருக்காரு, அரைப் பேர் போடச் சொல்லுங்க அப்பாகிட்ட." வேலைக்குப் பிந்தி வருகிறவர்களுக்கு அரை நாள் சம்பளம் போடுவதுதான் அரைப் பேர். கணவரிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். அந்தப் படத்தைத் தனக்கும் அனுப்பச் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளே அழைத்தாள்.

"அம்மா, சித்திரை வருஷத்துக்கு லீவு விடுறாங்க. வரட்டா?"

"வா."

"வந்தா திரும்பிப் போகமாட்டேன். அங்கேயே ஸ்கூலுக்குப் போறேன். அத்தை வீட்டுல நாய் என் சட்டையெல்லாம் கடிச்சிருச்சு."

"சரி, வா."

"ராவுக்கு ஒங்ககூடத்தான் படுப்பேன்."

"படு."

நான் வேறு எதுவும் பேசாமல் இருந்தது மகிழ்ச்சியைக் காட்டினால் அவள் மனம் மாறிவிடுமோ என்ற பயத்தால். வைக்கும்போது அவள் சொன்னாள்: "இப்ப எல்லாரும் வந்தாச்சா? ஒண்ணொண்ணா அனுப்புறீங்க. பெரட்ட முழுசா எடுத்து அனுப்புங்க, பார்ப்போம்."

அடுத்த நாள் காலை வெயில் நன்றாக ஏறியதும் பின்பக்கம் போனேன். பாத்திக்குக் கீழே நின்றால் வரிசை முழுதும் படத்துக்குள் அடங்கவில்லை. பக்கவாட்டில் போய், பாறைமேல் ஏறி நின்று, தூண் வரைக்கும் தெரிகிற மாதிரித் தொலைபேசியைப் பிடித்தேன். திரையில் எல்லா லில்லிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. அழகாக இருந்தன. பாறைப் பக்கத்தில் நேராகத் தொடங்கி, நடுவில் கீழ்ப்பக்கமாக இறங்கி, தூணை நெருங்கும்போது மறுபடி ஏறின. தொய்ந்த கொடிக்கயிறு போல இருந்தது.

நான் படம் எடுக்கவில்லை. தொலைபேசியை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். பிறகு தூணருகே போய் அங்கிருந்து பார்த்தேன். பிறகு குசினி வாசலுக்கு இறங்கி வந்து பார்த்தேன். அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை, பூக்கள் பூக்களாகவே இருந்தன. இத்தனை நாட்களாக ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்ததால் அது தெரிந்திருக்கவில்லை. இல்லாததைப் பார்க்கிறேனோ என்ற சந்தேகம் எனக்கு உடனே வந்தது. எனக்கு அது வருவது வழக்கம். முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி பாறைமேல் ஏறினேன்.

கணவர் முன்பக்கத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, கொஞ்சம் பின்னால வாங்க. வரிசை வளைஞ்சிருக்கு."

"எந்த வரிசை?"

"லில்லி."

"போனுல பார்த்தியா? போனுல எல்லாம் வளைஞ்சுதான் தெரியும். என் மூஞ்சியக் கூட அதுல அப்பிடித்தான் காட்டுது."

"கண்ணால பார்த்தேன்."

அவர் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பாறைமேல் ஏறாமல், கீழே நின்றபடி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வீட்டுக்குள் போய்க் கயிற்றை எடுத்து வந்தார். அதே கயிறுதான். பாறையில் முன்பு கட்டிய அதே புடைப்பில் ஒரு முனையைக் கட்டினார். தூண் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், இறுக்கி, மற்ற முனையைக் கட்டினார். விரலால் சுண்டினார். கயிறு அதிர்ந்து நின்றது.

பாறைக்குப் பக்கத்தில் முதல் சில செடிகள் கயிற்றுக்கு நேர் கீழே இருந்தன. அடுத்தது கொஞ்சம் விலகியிருந்தது. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். நடுவில் நின்ற லில்லிக்கும் கயிற்றுக்கும் இடையில் ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. விலகியவை எல்லாம் கீழ்ப்பக்கம், குசினிச் சுவரை நோக்கி.

"கிழங்கு பெருக்கும்," என்றார் அவர். "பெருக்கப் பெருக்கப் பக்கத்துல குட்டி போடும். அதுல நகர்ந்து வரும்."

"எல்லாம் ஒரே பக்கமாவா?"

அவர் நடுவிலிருந்த லில்லியின் அருகே உட்கார்ந்து, கையால் மண்ணைக் கொஞ்சம் விலக்கினார். கிழங்கின் கழுத்து தெரிந்தது. அது ஒற்றைக் கிழங்கு, குட்டி எதுவும் இல்லை. மண்ணைத் திரும்ப மூடித் தட்டினார். பிறகு எழும்பாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

கயிற்றைப் பார்த்துவிட்டுக் கீழ் வீட்டு அக்கா ஏறி வந்தார். கொழுந்து எடுக்கப் போகிறவர், அன்று வேலை இல்லை. எங்கள் குசினிக்குக் கீழே பக்கவாட்டில் அவருடைய லீக்ஸ் பாத்திகள் இருக்கின்றன.

"என்னா டீச்சரம்மா, எல்லைக்குக் கயிறு பிடிக்கிறீங்களா? என் பக்கம் ஒரு அடி விட்டுக் கொடுத்துட்டுப் பிடிங்க, புண்ணியமாப் போகும்."

நான் காட்டினேன். விளக்க வேண்டியிருக்கவில்லை. தேயிலை மலையில் கயிறு பிடித்துக் குழி வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்தான் அவரும். கயிற்றோரமாக முழுவதும் ஒரு தடவை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"நட்டப்ப நேரா நின்னுச்சு," என்றார். "போன வருஷம் நான்தானே சாமிக்கு ரெண்டு பறிச்சுக்கிட்டுப் போனேன்."

"ஆமா."

"அப்போ என் லீக்ஸ் எங்க போய் நிக்குதோ. அதைக் கையால தூவினது, கயிறு பிடிக்கல." சிரிக்க முயன்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "என் பின்கதவு மூட முடியல கொஞ்ச நாளா. பனியில பலகை ஊதிக்கிச்சுன்னு நெனச்சேன். மகன் இழைச்சுக் கொடுத்தான். மறுபடி மூட முடியல."

கணவர் எழும்பிக் கைமண்ணைத் தட்டினார். கிராம சேவகருக்கு அழைத்தார்.

மறுநாள் அதிகாரி ஒருவர் வந்தார், இளம் பெண். கயிற்றை அவிழ்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டிருந்தார்கள். அவர் சிங்களத்தில் கேட்க, கணவர் சிங்களத்திலேயே பதில் சொன்னார். கிழங்கு எப்போது நட்டது, எங்கே கட்டியது, பாறை அசையுமா, தூண் யார் போட்டது. எல்லாக் கேள்விகளும் சின்னச் சின்னவை. மின்கம்பம் சாய்வதையும் மரம் வளைவதையும் வைத்து நிலம் நகர்ந்ததைப் பார்ப்போம், பூவை வைத்துப் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை என்றார். பிறகு மேலே போய்ப் புல்கரணையை மண்வெட்டியால் பெயர்க்கச் சொன்னார். கணவர் மிதித்து அடைத்த களிமண் அதன் கீழே ஒரு பக்கச் சுவரோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபக்கத்தில் கை நுழைகிற இடைவெளி இருந்தது.

மழைநாட்களில் ஒரே தடவையாக நகர்ந்து நின்றுவிட்டதா, இன்னும் நகர்ந்துகொண்டே இருக்கிறதா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் அவர். கருவி வைத்துப் பார்க்க வேண்டும். சித்திரை மழை தொடங்குவதற்கு முன்னால் இந்த வீட்டிலும் கீழ் வீட்டிலும் படுப்பதை நிறுத்திவிடுங்கள். சுவரில் கீறல் இல்லையே என்று நான் கேட்டேன். கணவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். வீடு முழுதாக ஒரே துண்டாக நகர்ந்தால் கீறல் விழாது என்று பதில் வந்தது.

அவர் போன பிறகு நான் முன்வாசலில் நின்று மகளை அழைத்தேன். அவள் எடுத்ததும் பின்னால் நாய் குரைத்தது.

"அம்மா, பேக் எல்லாம் அடுக்கியாச்சு. புதன்கிழமை அட்டன்ல பஸ் மாறி வர்றேன். அப்பாவ நுவரெலியாவுக்கு வரச் சொல்லுங்க. ஏன் பெரட்டுப் படம் அனுப்பல?"

"நீ வராத."

 நாயின் சத்தம் தூரமானது, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பாள்.

"ஏம்மா?"

"பூ வரிசை வளைஞ்சிருக்கு. அப்பா கயிறு கட்டிப் பார்த்தாங்க. ஆபீசர் வந்து பார்த்துட்டுப் போனாங்க."

"எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு?"

"குசினிப் பக்கம்."

அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். இத்தனை மாதங்களும் கீறல் இல்லை, பயமில்லை, வா, வா என்று நான் சொன்னதையெல்லாம் அவள் திருப்பிச் சொல்லலாம். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. அவள் குரல் உயரவில்லை.

"நான் சொன்னேன்ல."

"சொன்ன."

"தரைதான்னு சொன்னேன்."

"ஆமா. சொன்ன. தரைதான்."

 அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அவள் குரல் மாறியது, என்னுடைய குரலைப் போல, பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு சந்தியில் நிற்கிற என் குரலைப் போல.

"அப்போ நீங்க இன்னும் ஏன் அங்க நிக்கிறீங்க? அப்பா எங்க? இப்ப எங்க இருக்கீங்க, உள்ளயா வெளியவா?"

"வாசல்ல."

"ரோட்டுக்குப் போங்க. போய்ட்டுப் பேசுங்க."

"இப்ப மழை இல்லடி. வெயில் அடிக்குது."

"அம்மா, ரோட்டுக்குப் போங்க."

படி இறங்கிச் சாலைக்குப் போனேன். வந்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் மற்றதைப் பேசினாள். எதையெல்லாம் எடுக்க வேண்டும், எதை விடலாம், அப்பாவின் மருந்து, தன்னுடைய சான்றிதழ்கள், சாமிப்படம் என்று அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டேன். அவள் இதை வெகு நாட்களாக யோசித்து வைத்திருந்தாள் என்று தெரிந்தது.

அந்த வாரத்திலேயே ராகலை டவுனில், மளிகைக்கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்தோம். கீழ் வீட்டு அக்கா மகன் இருக்கும் ஒற்றை அறை லயத்துக் காம்பிராவுக்குப் போனார். சாமான்களை இறக்கிக்கொண்டிருந்த நாட்களில் லில்லிகள் முழுவதும் மலர்ந்திருந்தன. சாலையில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் கிழங்கு கிடைக்குமா என்று கேட்டாள். தோண்ட வேண்டாம் என்று அதிகாரி சொல்லியிருந்ததால் இல்லை என்றேன். கருவிகளை வைத்துவிட்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை. வீடு அப்படியே நிற்கிறது. பகலில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். பூக்கள் வாடி, இலைகள் வரத் தொடங்கியிருந்தன. அவற்றின் இடத்தை நான் கயிறு இல்லாமல் மனதில் வைத்துப் பார்க்கிறேன். அது எதற்கும் உதவாது என்றும் தெரியும்.

மகள் வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் வந்தாள். பஸ் நிலையத்திலிருந்து கணவர் அவளுடைய பையைத் தூக்கி வந்தார். மாடிப்படியில் அவள் எப்படி ஏறுகிறாள் என்று நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படியாக, சாதாரணமாகத்தான் ஏறினாள். இரண்டு அறைகளையும் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து மூடினாள். "இதுக்கு அத்தை வீட்டுக் குசினியே பெருசு," என்றாள். சோறு சாப்பிட்டுவிட்டுத் தரையில் பாயை விரித்துப் படுத்தாள்.

அந்தக் கட்டடத்துக்குப் பின்னால்தான் பஸ்களைத் திருப்புவார்கள். ஒரு பஸ் பின்னால் வந்து உறுமி நின்றபோது மாடித் தரை அதிர்ந்தது. அலுமாரியில் இருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. நான் எழுந்துவிட்டேன். அவள் எழும்பவில்லை. உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்து, கண்ணை மூடியபடி கொஞ்ச நேரம் இருந்தாள்.

"இது பஸ்," என்றாள். "உக்காருங்கம்மா."

நான் உட்கார்ந்தேன். அவள் சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள்.